பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

காரின் டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். திரையில் ‘பி0118’ என்று வருகிறது. பக்கத்திலேயே ‘இன்ஜின் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட் ஹை’ என்று ஒரு வரி. அந்த வரியைச் ‘சென்சார்’ வரைக்கும் படித்துவிட்டு, “சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்று சொல்லிவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அதற்கடுத்து வரும் ‘சர்க்யூட் ஹை’ என்ற இரண்டு சொற்களில்தான் விஷயமே இருக்கிறது. அவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. புது சென்சார் போட்டு, ஸ்கேனரில் குறியீட்டை அழித்து, வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். நான்கு நாளில் விளக்கு மறுபடி எரிகிறது. இந்த முறை வயரிங் என்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் இசிஎம் என்கிறார்கள். கடைசியில் எங்கோ ஒரு கப்ளருக்குள் பச்சை பூத்திருந்த பின்னைச் சுரண்டி மாட்டியதும் விளக்கு அணைகிறது. இடையில் மாற்றிய பாகங்களுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். இதை மெக்கானிக்குகளின் நேர்மைக் குறைவு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நேர்மையான மெக்கானிக்கிடமும் இதேதான் நடக்கிறது. பாகத்துக்குப் பணம் கொடுக்கப் பழகிய நாம், பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பணம் கொடுக்கப் பழகவில்லை. கூலியில்லாத வேலை ஒழுங்காக நடக்காது. வாகன மின்பழுதுகளில் நாம் படும் அவதிக்கு வேர் இதுதான் என்பது என் வாதம்.

காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில் ஒருவர் பெயர் இருப்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. எரர் கோட் என்பதும் அப்படி ஒரு புகார்தான். புகார் கொடுப்பது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம். அதற்குக் கண் கிடையாது. சென்சார் உடைந்திருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. தன்னிடம் வந்துசேரும் மின்னழுத்தம் எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தக் கூலன்ட் சென்சாரையே எடுத்துக்கொள்வோம். அதனுள் இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர். சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மூன்று கிலோ ஓம் இருக்கும் தடை, இன்ஜின் 80 டிகிரியைத் தொடும்போது சில நூறு ஓமாக இறங்கிவிடும். இசிஎம் தன்னுள் இருக்கும் ஒரு தடை வழியாக 5 வோல்ட்டை ஒரு வயரில் அனுப்புகிறது. சென்சாரைக் கடந்து இன்னொரு வயர் வழியாக அது எர்த்துக்குத் திரும்புகிறது. குளிர்ந்த இன்ஜினில், 5 வோல்ட் போகும் முதல் வயரில், அதாவது சிக்னல் வயரில், மின்னழுத்தம் கூடுதலாக நிற்கும், சூடான இன்ஜினில் இறங்கி நிற்கும். பாதை எங்காவது அறுந்துவிட்டால் 5 வோல்ட் அப்படியே நின்றுவிடும். கணினி அதை மைனஸ் 40 டிகிரி என்று கணக்கிடும். மதுரையில் சித்திரை வெயிலில் நிற்கும் கார் மைனஸ் 40 டிகிரியில் இருக்க வழியில்லை. ஆகவே ‘சர்க்யூட் ஹை’ என்று புகார் எழுதிவைக்கிறது. சென்சாருக்குள்ளேயே அறுந்திருந்தாலும், கப்ளரில் ஒரு பின் உள்ளே தள்ளிப்போயிருந்தாலும், நடுவழியில் வயர் துண்டாகியிருந்தாலும், திரும்பி வரும் எர்த் விட்டுப்போயிருந்தாலும், இசிஎம்முக்குள்ளேயே கோளாறு என்றாலும் புகாரின் வாசகம் ஒன்றுதான்.

ஐந்தில் எது என்று பிரித்துச் சொல்ல ஒரு துண்டு வயரும் சில நிமிடங்களும் போதும். சென்சாரின் கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கம் வரும் இரண்டு பின்களையும் அந்தத் துண்டு வயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரில் ஓடும் வெப்பநிலை எண்ணைப் பார்க்க வேண்டும். மைனஸ் 40 என்று நின்ற எண் ஒரேயடியாக நூறு டிகிரிக்கு மேல் தாவினால், போகும் வயர், வரும் வயர், இசிஎம் மூன்றுமே நலம். பழுது சென்சாரிலோ கப்ளர் தொடும் இடத்திலோ இருக்கிறது. எண் அசையவில்லையா? சிக்னல் வயரை மட்டும் இன்ஜின் உடம்பில் தொட வைத்துப் பார்க்கலாம். இப்போது தாவினால் எர்த் வயர்தான் அறுந்திருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் சிக்னல் வயரைப் பின்தொடர்ந்து இசிஎம் வரை போக வேண்டியதுதான். இந்தச் சோதனை இரண்டு வயர் உள்ள இந்த வகைச் சென்சாருக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 5 வோல்ட் நேரடியாகப் போகும் மூன்று வயர் சென்சாரில் இப்படி இணைத்தால் வேறு வம்பு வரும். எந்த வயர் எது என்று காட்டும் வரைபடம் இதனால்தான் தேவைப்படுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனை முடிந்தபோது எதுவும் மாற்றப்படவில்லை. ரசீதில் எழுத ஒரு பாகமும் இல்லை. ஆனால் அந்த வண்டிக்குத் தேவைப்பட்ட வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

இந்தக் குறியீடுகள் எதற்காகப் பிறந்தன என்று தெரிந்தால், அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1988-ல் கார்களில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்டது புகை மாசைக் குறைப்பதற்காக. 1996-ல் அது ஓபிடி-2 என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. ஒரு பழுதால் மாசு, அனுமதித்த அளவைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டும் நிலை வந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. பல பழுதுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பார்த்த பிறகே அது உறுதி செய்யும். இன்ஜின் மிஸ் அடித்து, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் நிலை வந்தால் மட்டும் காத்திருக்காமல் விளக்கு உடனே சிமிட்டத் தொடங்கும். சிமிட்டும் விளக்கோடு வண்டியை விரட்டக் கூடாது என்பது அதனால்தான். ஆக, மாசு கூடுகிறது, கவனி என்று அரசு விதிப்படி எச்சரிக்கும் மணி இது. எந்தப் பாகத்தைக் கடையில் வாங்க வேண்டும் என்று சொல்ல இதை யாரும் வடிவமைக்கவில்லை. இந்தியாவில் 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கார்களுக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 மாசு விதிகள் வந்தபோது கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் இந்த விளக்கு குடியேறியது. ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பானரும் வைத்து மரத்தடியில் பிழைப்பு நடத்திய இரு சக்கர மெக்கானிக் ஒரே நாளில் கணினியோடு பேச வேண்டியவரானார். அந்த மொழியை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

வயரிங் பழுதுகளில் மிகவும் ஏமாற்றுவது எர்த். பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் எர்த் பட்டையின் போல்ட்டில் களிம்பு பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் களிம்பு தரும் தடை வெறும் 0.02 ஓம். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தால் அது தெரியவே தெரியாது. மீட்டரின் இரண்டு வயர்களுக்கே அதைவிடப் பத்து மடங்கு தடை உண்டு. மீட்டர் ‘நல்லா இருக்கு’ என்றே காட்டும். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது அதே பாதையில் 150 ஆம்பியர் ஓடினால், 0.02 ஓமில் 3 வோல்ட் காணாமல் போய்விடும். பேட்டரி 12.6 வோல்ட் நிறைவாக இருந்தும் செல்ஃப் மோட்டார் முக்கும். போதிய வோல்ட்டேஜ் கிடைக்காமல் கணினிகள் ஒன்றோடொன்று தொடர்பை இழக்கும். ஸ்கேனரை மாட்டினால் பத்துப் பன்னிரண்டு குறியீடுகள் வரிசை கட்டி நிற்கும். ‘யு0100’, அதாவது இசிஎம்முடன் தொடர்பு அறுந்தது என்ற புகார், அதில் பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இசிஎம்மை மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் புகாரை எழுதியது இசிஎம் அல்ல. பேச்சு வராத இசிஎம் மீது ஏபிஎஸ் போன்ற மற்ற கணினிகள் கொடுத்த புகார் அது. பேச்சு வராததற்குக் காரணம் ஒரு ஃபியூஸாகவோ, ஒரு ரிலேயாகவோ, ஓர் எர்த் போல்ட்டாகவோ இருக்கலாம். பல கார்களில் அந்தப் பதினாறு பின் சாக்கெட்டின் 6-ம் 14-ம் பின்களுக்கு இடையே, பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் வர வேண்டும். கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இரண்டு இருப்பதால் வரும் கணக்கு அது. 120 வந்தால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இசிஎம் வாங்குவதற்கு முன் எடுக்க வேண்டிய அளவு இது.

எர்த் பழுதைப் பிடிக்க மின்னோட்டம் ஓடும்போதே வோல்ட்டேஜ் எங்கே விழுகிறது என்று அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறு முனை இன்ஜின் உடம்பில். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்குக்குள் இருந்தால் எர்த் நலம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். பெட்ரோல் பம்புக்கும் முகப்பு விளக்குக்கும் இதே முறைதான். எலி கடித்து இரண்டே இழைகளில் தொங்கும் வயர் ஓம் மீட்டருக்கு முழு வயராகவே தெரியும். சுமை ஏறும்போதுதான் அது சூடாகித் துண்டாகும். சும்மா இருக்கும் வயரை அளப்பதற்கும் வேலை செய்யும் வயரை அளப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் வாகன மின்பழுதுத் தொழிலின் பாதி. விலை உயர்ந்த ஸ்கேனர் வைத்திருக்கும் பல இடங்களிலும் இது நடப்பதில்லை.

இதற்கு நம் ஊரில் தொழில் பிரிந்து கிடப்பதும் ஒரு காரணம். செல்ஃப் மோட்டார், டைனமோ, ஹாரன், வயரிங் எல்லாம் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடைக்குப் போகும். இன்ஜின் வேலை மெக்கானிக்கிடம் போகும். ஸ்கேனர் மெக்கானிக்கிடம் இருக்கிறது. அளந்து பார்க்கும் கை எலக்ட்ரீசியனிடம் இருக்கிறது. குறியீட்டைப் படிக்கிறவர் அளப்பதில்லை. அளக்கத் தெரிந்தவருக்குக் குறியீடு வந்து சேர்வதில்லை. இருவரும் பேசிக்கொள்ளும் சொல்லும் குழப்பமானது. எந்த மின்பழுதுக்கும் ‘ஷார்ட்’ என்றே பெயர். வயர் அறுந்தாலும் ஷார்ட், பாடியில் உரசி எர்த் ஆனாலும் ஷார்ட், பக்கத்து வயரோடு சேர்ந்தாலும் ஷார்ட், களிம்பேறித் தடை கூடினாலும் ஷார்ட். நான்கும் நான்கு பழுதுகள்; நான்குக்கும் சோதனை வேறு, இசிஎம் எழுதும் புகாரும் வேறு. அறுந்தது, உரசியது, சேர்ந்தது, களிம்பேறியது என்று தமிழிலேயே தனித்தனிச் சொற்கள் கைவசம் இருக்கும்போது ஒரே ஆங்கிலச் சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடுவது தொழிலுக்கு நல்லதல்ல. எலக்ட்ரீசியன் கடைகளில் பழகிவிட்ட பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய அம்பாசடரில் அது அருமையான கருவி. இசிஎம் வயரிலோ ஏர்பேக் வயரிலோ அதைக் குத்தினால் பல்பு இழுக்கும் மின்னோட்டமே கேடு செய்துவிடும். அங்கே மின்னோட்டம் ஏறக்குறைய இழுக்காத டிஜிட்டல் மீட்டர்தான் வேண்டும்; ஏர்பேக் வயரை அதற்குரிய முறை தெரியாமல் எதைக் கொண்டும் தொடக் கூடாது.

இப்போது கூலிக்கு வருவோம். ஒரு பட்டறையின் ரசீதில் பொதுவாக இரண்டு வகை வரிகள்தான் இருக்கும்: மாற்றிய பாகத்தின் விலை, அதை மாற்றிய கூலி. இரண்டு மணி நேரம் சீட்டுக்கு அடியிலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் படுத்துக் கிடந்து, கப்ளர் கப்ளராகத் தேடி, கடைசியில் ஒரு பின்னைச் சுத்தம் செய்து மாட்டியவர் அந்த ரசீதில் என்ன எழுதுவார்? “பின் சுத்தம் செய்தது” என்று எழுதிப் பணம் கேட்டால், இதற்கா இவ்வளவு என்று வண்டிக்காரர் கொதிப்பார். அதே ஆள் பத்து நிமிடத்தில் சென்சாரை மாற்றியிருந்தால், பாகத்தில் லாபமும் கிடைக்கும், கூலியும் கிடைக்கும், கையில் பழைய சென்சாரைக் காட்டவும் முடியும். அளப்பவருக்கு நட்டம், ஊகிப்பவருக்கு லாபம் என்று நாமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்களையே பாருங்கள். ஒரு குறியீட்டுக்கு அவை தரும் படிநிலைகள் பெரும்பாலும் கப்ளரைப் பார், பின்னைப் பார், வயரின் தொடர்ச்சியைப் பார், மின்சப்ளையையும் எர்த்தையும் அளந்து பார் என்று தொடங்கும். பிறகுதான் சென்சார். இசிஎம்மை மாற்றிப் பார்ப்பது கடைசிப் படி. தயாரித்தவர்களே விசாரணையை முன்னால் வைத்திருக்க, நம் ரசீதில் அந்த விசாரணைக்கு ஒரு வரிகூட இல்லை.

பழுது பார்க்காமல் வெறுமனே பார்த்ததற்கே பணமா என்று கேட்பது நியாயமாகத் தோன்றும் மறுப்பு. ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் பணம் கொடுக்கும்போது அந்தக் கேள்வி நமக்கு வருவதில்லை. அங்கே நோய் தீர்ந்ததற்கு அல்ல, தகவலுக்குத்தான் பணம் தருகிறோம். ஆனாலும் மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது: தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கேனரை மட்டும் செருகி எடுத்தவரும் அதே பணத்தைக் கேட்கலாம். அதற்கு வழி, தேடிய கூலி வாங்குபவர் எதை அளந்தார், என்ன எண் வந்தது என்று எழுதித் தர வேண்டும் என்பதே. எண் இல்லாத விசாரணைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொரு மறுப்பு மெக்கானிக்குகளிடமிருந்து வரும். இந்த மாடலில் இந்தக் குறியீடு வந்தால் இந்தப் பாகம்தான், நூறு வண்டி பார்த்தாயிற்று, எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும் என்பார்கள். அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சார் போன்றவற்றில் அந்த ஊகம் பல நேரம் சரியாகவே இருக்கும். எங்கே முதலில் தேடுவது என்பதை அனுபவம் சொல்லட்டும். அது சொன்ன இடத்தில் ஓர் அளவு எடுத்து உறுதி செய்யச் சில நிமிடங்களே ஆகும். மேலும் இங்கே வண்டிகள் பட்ட பாடு வேறு வேறு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களின் கப்ளர்களில் களிம்பு பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். ரிவர்ஸ் கேமராவும் கூடுதல் விளக்கும் மாட்ட யாரோ வயரை வெட்டி டேப் சுற்றியிருப்பார்கள். அந்த மாடலுக்குப் பொதுவான பழுது எது என்று தெரிந்தவருக்கு, அந்த ஒரு வண்டிக்கு நடந்தது தெரியாது.

குறியீட்டை அழித்துக் கொடுப்பதையே ஒரு சேவையாகச் செய்வதும் நிற்க வேண்டும். பழுது பதிவான நொடியில் இன்ஜின் வேகம், சூடு, வண்டியின் வேகம், சுமை எல்லாவற்றையும் இசிஎம் ஒரு படம் பிடித்தாற்போல் சேமித்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று அதற்குப் பெயர். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் பழுதா, மேட்டில் ஏறும்போது மட்டும் வரும் பழுதா என்பதற்கு அதுவே சாட்சி. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு வேறு சாட்சியே கிடைக்காமல் போகலாம். அழிக்கும் பொத்தானை அமுக்கினால் குறியீட்டோடு அதுவும் போய்விடும். நூறு இருநூறு கொடுத்து விளக்கை அணைத்துக்கொண்டு போகிறவர், அடுத்த முறை அதே பழுதுக்குக் கொடுக்கப்போகும் பணத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார். இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவியைச் செருகி, வண்டிக்காரரே போனில் குறியீட்டைப் பார்த்துவிடலாம். பார்ப்பது நல்லது. அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தைப் படம் எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தால் இன்னும் நல்லது.

கூலி கொடுத்தாலும், அளப்பவர் கையில் வயரிங் வரைபடம் இல்லாவிட்டால் வேலை நடக்காது. கூலி வாதத்தின் மறுபாதி இது. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தங்கள் டீலர் வட்டத்துக்குள் முடக்கியதுதான் காரணம். தனிப் பட்டறைகளுக்கும் அவை கிடைக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. விஷயம் மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றிக் குழு அமைத்து, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. அதற்கென இணையதளமும் வந்தது. ஆனால் திண்டுக்கல்லிலோ திருவாரூரிலோ இருக்கும் மெக்கானிக் ஒரு குறிப்பிட்ட மாடலின் வரைபடத்தை நியாயமான விலைக்கு அன்றைக்கே வாங்கிப் பார்க்கும் நிலை வர வேண்டும். அதுவரை இவையெல்லாம் பாதி வழிதான். ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே பழுதுபார்க்கும் தகவல்களைத் தனிப் பட்டறைகளுக்குத் திறந்துவிட விதி செய்தது. மணிக்கணக்கு, நாள்கணக்கு, மாதக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மக்கள் 2012-ல் வாக்களித்தே அந்த உரிமையைப் பெற்றார்கள். வண்டியைத் திறந்துவிட்டால் திருடர்களுக்கு வசதியாகிவிடும், பாதுகாப்பு கெடும் என்று கம்பெனிகள் சொல்வதை முழுதாகத் தள்ளவும் முடியாது. சாவியைப் பதிவு செய்வது, இமொபிலைசரைத் தொடுவது போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு தேவைதான். அதற்காகவே ஐரோப்பாவில் செர்மி என்ற பெயரில், அடையாளம் சரிபார்க்கப்பட்ட பட்டறைகளுக்கு மட்டும் அந்தத் தகவலைத் தரும் ஏற்பாடு இருக்கிறது. கூலன்ட் சென்சாரின் பச்சை வயர் இசிஎம்மின் எந்தப் பின்னுக்குப் போகிறது என்பதில் எந்தத் திருடனுக்கும் ஒரு பயனும் இல்லை. அந்த வரைபடத்தைப் பூட்டி வைப்பதற்குப் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது.

கம்பெனிகள் மட்டுமே பொறுப்பு என்றும் விட்டுவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் ஓசூரும் இருக்கும் மாநிலம் இது. கார் செய்யத் தெரிந்த மாநிலத்தில் காரைப் பழுது பார்க்கும் கல்வியும் அதே தரத்தில் இருக்க வேண்டாமா? ஐடிஐ-யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு மாணவர், ஓடும் மின்னோட்டத்தில் வோல்ட்டேஜ் விழுவதைக் குறைந்தது நூறு முறையாவது தன் கையால் அளந்திருக்க வேண்டும் என்று வைத்தால் போதும், இந்தக் கட்டுரையில் சொன்ன பழுதுகளில் பெரும்பாலானவை ஊகத்துக்கு இடமில்லாமல் போய்விடும். அதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு பழைய கார், வேண்டுமென்றே களிம்பேற்றிய சில கப்ளர்கள், ஆளுக்கொரு மீட்டர் போதும். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்கு வாரக் கடைசியில் தமிழில் வகுப்பு எடுக்கலாம். எலக்ட்ரீசியனையும் மெக்கானிக்கையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கலாம். மின்சார வண்டிகள் பெருகும்போது இது இன்னும் அவசரமாகும். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் காரில், இன்சுலேஷன் கசிவு என்று ஒரு குறியீடு வந்தால் அங்கே ஊகித்துக் கை வைப்பது பண நட்டத்தோடு நிற்காது.

வண்டிக்காரர்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டியை விடும்போதே, “தேடுறதுக்கு என்ன கூலின்னு தனியா சொல்லுங்க, பாகம் மாத்தறதுக்கு முன்னாடி அளந்ததை எழுதிக் காட்டுங்க” என்று கேட்கலாம். அப்படிக் கேட்டு வாங்கிய ரசீது இப்படி இருக்கும்: புகார், யு0100, பி0562 (வோல்ட்டேஜ் குறைவு). பேட்டரி சும்மா நிற்கும்போது 12.5 வோல்ட். செல்ஃப் அடிக்கையில் இன்ஜினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 1.4 வோல்ட் விழுகிறது. பாடியில் எர்த் பட்டை சேரும் போல்ட்டில் களிம்பு. சுரண்டி இறுக்கிய பின் 0.1 வோல்ட். மாற்றிய பாகம் ஏதும் இல்லை. தேடிய கூலி, ஒன்றரை மணி நேரம். ஆறு மாதம் கழித்து வேறோர் ஊரில் அதே விளக்கு எரிந்தால், அங்கே இருக்கும் மெக்கானிக் மீட்டரை முதலில் வைக்க வேண்டிய இடம் அந்தத் தாளில் எழுதியிருக்கும்.